இருபது நிமிடம்

வினாக்கொத்தின் தலையில் அச்சடித்திருக்கிறது:
நிரப்ப இருபது நிமிடம் போதும்.
பெயர் எழுத வேண்டாம்.
பூச்சியம் என்றால் அறவே உடன்பாடில்லை,
நான்கு என்றால் முற்றாக உடன்பாடு.

கிளிநொச்சி. ஆண்கள் விடுதி. இரவு பதினொன்றரை.
வார்ட்டுக்கும் விடுதி என்றுதான் பெயர்,
நாங்கள் படுக்கிற இடத்துக்கும் விடுதி.
அம்மா ஃபோனில் கேட்பா, எந்த விடுதியில நிக்கிறாய்?
நித்திரை இல்லாததில, என்பேன்.

மேசையில் கண்ணாடிக் குழாய்.
உள்ளே கஜிதரனின் இரத்தம், இரண்டு மில்லிலீற்றர்.
அதற்கும் இருபது நிமிடம்தான்.
ஆட்டக்கூடாது. தூக்கக்கூடாது.
சரித்துப் பார்க்கிற கையைத்
தொடைக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும்.

அவன் அக்கராயன். உழவு மெஷின் ஓட்டுகிறவன். என் வயது.
வாய்க்கால் மாறிக் கட்டப் போன இடத்தில்
மிதித்ததைப் பால்மா டின்னில் போட்டுக் கொண்டுவந்தான்.
'செத்திட்டுது எண்டுதான் நினைக்கிறன் மிஸ்.'
தாதி டின்னோடு அவனையும் வெளியே விடப் பார்த்தா.
மூடியைத் திறந்தபோது
எங்கள் குழு முழுவதும் ஒரு அடி பின்னால், ஒரு அடி முன்னால்.
கண்ணாடி விரியன், என்றேன்.
தித் பொலங்கா, என்றாள் தினுஷி.
டின்னுக்குள் இருந்தது இரண்டுக்கும் அசையவில்லை.

*எனது தொடர்பாடல் திறன் வளர்ந்துள்ளது.*
தினுஷியைக் கேளுங்கள்.
மாத்தறையிலிருந்து வந்தவள், மூன்று கிழமையில்
'எங்க நோகுது?' என்று
பரந்தன் சந்தியில் பிறந்தவள் போலக் கேட்கிறாள்.
'அந்தரமா இருக்கு' என்று ஒரு நோயாளி சொன்னதை
எந்தத் தொகுதியில் சேர்ப்பது,
இதயமா, நுரையீரலா, நரம்பா என்று
இன்னும் என்னிடம் விசாரிக்கிறாள்.
எனக்கும் தெரியாது. எனக்கும் அது வருவதுண்டு.

*பௌதிக வசதிகள் திருப்தியானவை.*
மின்விசிறி சுற்றும், காற்று வராது.
தண்ணீர் கொதித்துக் கொதித்து
கேத்தலின் உட்புறம் வெள்ளைவெளேர்.
சிறுநீரகக் கல் பற்றிய விரிவுரையை
அதுவே எடுத்துவிடுகிறது.
மூன்று போட்டேன், கேத்தலுக்காக.

*ஆசிரியர்கள் மாணவரை ஏளனம் செய்வதில்லை.*
காலை ரவுண்டில் பிரசாந்தனுக்கு நடந்தது:
'காது எதுக்கு வைச்சிருக்கிறாய், ஸ்டெதஸ்கோப் கொழுவவோ?'
முப்பது கட்டிலும் திரும்பிப் பார்த்தது.
எல்லோரும் போனபின் ஒன்பதாம் கட்டில்
சேர்ட்டை மறுபடி உயர்த்திக்கொண்டு,
'வாங்கோ தம்பி, திரும்ப வையுங்கோ.
இந்தமுறை நான் மெதுவா இழுக்கிறன்.'
பிரசாந்தனுக்குக் கேட்டது.
ஒன்பதாம் கட்டிலுக்குக் கேள்வி இல்லை இதில்.

படங்கள் பற்றியும் இல்லை.
வெளிச்சப் பெட்டியில் விலா எலும்புகளை எண்ணுமுன்
இடையில் கிடக்கும் வெள்ளைப் பொட்டுகளைத் தாண்டப் பழகினோம்.
'அது பழசு, விடுங்கோ' என்பார் படம் எடுப்பவர்.
விட்டோம். மார்க்கில்லை அதற்கு.

பதினெட்டாம் நிமிடம். கஜிதரன் துப்பினான்.
முரசோரம் மெல்லிய சிவப்பு.

இருபது.
சரித்தேன்.
தேநீர் போல ஓடியது.

பிறகு ஓடியது நாங்கள்.
குப்பிக்குள் மருந்து கரைய
'சுழற்று, குலுக்காதே' என்றார் வைத்திய அதிகாரி.
ஒன்று, இரண்டு, பத்து. மணிக்கட்டு மரத்தது.
கையைக் கழுவியபோது நேரம் ஒன்றேகால்.

காலை ஏழு. இரண்டாவது குழாய்க்கு முன்னால் காத்திருக்கையில்
வகுப்புப் பிரதிநிதி வந்து நின்றான்:
'எல்லாரும் தந்திட்டினம். மிச்சத்துக்கு இரண்டு போடு.'
இரண்டு என்றால் நிச்சயமில்லை.
போட்டேன். முப்பத்தொரு தடவை நிச்சயமில்லை.
'வேறு கருத்துகள்' என்ற மூன்று கோட்டையும்
வெறுமையாக விட்டேன்.

குழாயைக் கவிழ்த்தேன்.
விழவில்லை. அடியில் பிடித்துக்கொண்டு நின்றது.
தினுஷி வாங்கித் தானும் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தாள்.

'மிஸ்' என்றான் கஜிதரன், கண் திறக்காமல்.
'அந்த டின்னைத் திருப்பித் தருவீங்களோ?
அம்மா தேடுவா.'